கல்நாய்க்குத் துண்டு போர்த்திய சேவுகனார்

சிவகங்கைச் சீமையின் வறண்ட பக்கத்தில் ஈச்சவயல் என்று ஓர் ஊர். அவ்வூரில் சேவுகனார் என்னும் அடியார் கோலமாவு விற்றுப் பிழைத்து வந்தார். பொழுது புலருமுன்னே மாவு மூட்டையைச் சைக்கிள் கேரியரில் ஏற்றி, பழைய டியூபை அறுத்தெடுத்த வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போவார். தெருமுனையில் நின்று, "கோலமாவே... கோலமாவு" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலும் ஓங்கி வராது. உரக்கக் கூவினால் தெருநாய் எழுந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. பாதித் தெருவுக்கு அவர் வந்து போனதே தெரியாது. வியாபாரம் எந்த அழகில் நடந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பொழுது சாயும் வேளையில் அவர் தவறாமல் போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு. ஊருக்கு மேற்கே ஏரிபோலப் பெரிய கண்மாய். அதன் கரையைத் தாண்டி இறங்கினால் சீமைக்கருவேலங்காடு. அக்காட்டின் நடுவில் கோபுரமில்லாத, கதவும் இல்லாத வயிரவர் கோயில். பூசாரி கிடையாது, திருவிழா கிடையாது. இடுப்பில் செருகிய சிறு புட்டி எண்ணெயோடு சேவுகனார் போய் அங்கே ஒரு விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்புவார். அதுதான் அந்தச் சாமிக்கு நடந்த ஒரே பூசை.

வயிரவருக்கு வாகனம் நாய். சேவுகனாருக்கோ நாயென்றால் உயிர் போய்விடும். இந்த இரண்டும் எப்படிக் கூடின என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கதைதான்.

சேவுகனார் சிறுவராக இருந்தபோது அவருடைய தம்பியை ஒரு நாய் கடித்தது. குரைக்காமல் பின்னால் வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டு, வந்த மாதிரியே போய்விட்டது. சின்னக் காயம். மஞ்சளை அப்பிவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள். சில வாரம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. தாகமாய் இருக்கும் என்று அண்ணன் சொம்பில் தண்ணீர் மொண்டு போனார். தம்பி அந்தத் தண்ணீரைப் பார்த்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு அலறினான். தம்பி பிழைக்கவில்லை; அந்த அலறல் சேவுகனாரின் காதை விட்டு ஆயுசுக்கும் போகவில்லை. அதன்பின் எங்கே நாய் குரைத்தாலும் அவருக்கு நாக்கு வறண்டு கை நடுங்கத் தொடங்கிவிடும்.

அந்தப் பயம்தான் அவரைச் சைக்கிளில் ஏற்றியது. நடந்தால் கால் தரையில் இருக்கும். சைக்கிளில் போனால் நாயின் வாய்க்குக் கொஞ்சம் உயரத்தில் இருக்குமல்லவா? நாய் துரத்தினால் இரண்டு காலையும் தூக்கிக் கைப்பிடியின் மேல் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கணக்கில்தான் ஒரு பழைய சைக்கிளை வாங்கினார். வாங்கிய பிறகு நடந்தது அவர் கணக்கில் வராத ஒன்று. மிதிக்க மிதிக்க மனசு லேசாயிற்று. முகத்தில் காற்று அடித்தது. வயல்வெளியும் ஊருணியும் ஆலமரமும் எதிரே வந்து ஒதுங்கி வழிவிட்டன. கூலிக்காரரின் மகனுக்கு உலகத்தில் எதுவும் ஒதுங்கி வழிவிட்டதில்லை. கலியாணம் முடிந்து ராக்காயியை அவர் ஊருக்கு அழைத்து வந்ததும் இந்தச் சைக்கிளில்தான். முன்பாரில் உட்கார்ந்து வந்த அந்த அம்மாள், "மாமா, இன்னும் கொஞ்சம் சுத்திப் போவமா?" என்று கேட்டாராம். அன்று வீடு வந்து சேர இருட்டிவிட்டது என்பார்கள்.

வயிரவரிடம் அவர் அகப்பட்டது இப்படித்தான். ஒருநாள் வியாபாரம் முடிந்து கண்மாய்க்கரை வழியே வந்தபோது நாய்க்கூட்டம் ஒன்று துரத்தியது. உயிரைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். பாழாய்ப்போன செயின் அந்த நேரம் பார்த்துக் கழன்றுகொண்டது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, காட்டுக்குள் தெரிந்த கல்மண்டபத்துக்குள் ஓடி, இருட்டில் நின்ற சிலையின் காலைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, நீ யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு இந்த நாய்ககிட்டருந்து என்னையக் காப்பாத்து. உசிரு உள்ளமட்டும் தெனம் உனக்கு வெளக்குப் போடுறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு கதறினார்.

வெளியே குரைப்பு அடங்கியது. சேவுகனார் மெல்லக் கண்ணைத் திறந்தார். முகத்துக்கு நேரே, நாக்கைத் தொங்கவிட்டபடி ஒரு நாய் நின்றது.

"அடி ஆத்தீ!" என்று மல்லாக்க விழுந்தார். அது கல்நாய். வயிரவருக்கு வலப்பக்கம், தனிக்கல்லில் செதுக்கிப் பீடத்தின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த நாய். நாலு பேர் கடப்பாரை போட்டாலும் அசையாத கல். ஆனாலும் நாய் நாய்தானே.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. சைக்கிள் கடை வீரணன் வாய் ஓயாத ஆள். இது கிடைத்தால் விடுவானா? "நாய்க்குப் பயந்து நாய்க்காரரு வீட்டுக்குள்ளயே ஓடிப்போன ஆளப்பா நம்ம சேவுகண்ணன்!" என்று பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். ராக்காயியும், "தெரியாமச் சொன்னதுதானே மாமா, சாமி கணக்குல எடுத்துக்காது" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"யாருக்குன்னு தெரியாமக் குடுத்தாலும் வாக்கு வாக்குதான் ராக்கு" என்றார் சேவுகனார். சொல்லும்போதே அவருக்கு உடம்பு வேர்த்தது.

அன்று தொடங்கிய பணி. தாளிக்க எண்ணெயில்லாமல் வெறுங்குழம்பு தின்ற நாளிலும் விளக்குக்கு எண்ணெய் போயிற்று. பதிகம் பாசுரம் எதுவும் அறியாதவர், மிதியையே மந்திரமாக்கிக்கொண்டார். வலக்கால் மிதிக்க "வயிரவா", இடக்கால் மிதிக்க "சரணம்". கோயிலுக்குள் நுழைந்ததும் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, கையால் துழாவிக் கல்நாயின் மேல் போர்த்திவிடுவார். "கோவிச்சுக்காதப்பா, பாக்க முடியல" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைப்பார். பிறகுதான் விளக்கு. ஏற்றி முடித்ததும், பார்க்காமலே துண்டை உருவிக்கொண்டு ஓட்டமாக வெளியே வந்து சைக்கிளில் ஏறுவார்.

சாமியின் வாகனத்துக்கு முக்காடு போட்டுவிட்டுச் சாமியைக் கும்பிடுகிற பக்தரை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? ஈச்சவயல் கண்டது. கண்டு வயிறு வலிக்கச் சிரித்தது.

ஒருநாள் வீரணன் வேறொரு கேள்வி கேட்டான். "அண்ணே, மிதிக்கு ஒருக்காச் சாமி பேரச் சொல்றீக, சரி. கரையவிட்டு எறங்கையில மிதிக்க மாட்டீகளே, வண்டி தானாப் போகுமே. அப்பச் சாமிக்கு லீவா?"

சேவுகனார், "ஏத்தத்துல நான் அவுகளக் கூப்பிடுறேன் வீரணா. எறக்கத்துல அவுக என்னையக் கொண்டுபோறாக" என்றார். வீரணன் அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

அந்த விளக்கினால் ஊருக்கு ஓர் உபகாரமும் நேர்ந்தது. காட்டுக்கு அப்பால், விறகை அடுக்கி மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிற இடம். ஈச்சவயல் பெண்கள் சிலர் அங்கே விறகு அடுக்கப் போவார்கள். ராக்காயியும் அவர்களில் ஒருவர். பொழுதுபோய்த் திரும்பும்போது காட்டுக்குள் வழி தெரியாது. தடத்தை விட்டு விலகினால் கைப்பிடிச் சுவரில்லாத பாழுங்கிணறுகள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். வயிரவர் விளக்கை நேரே பார்த்து நடந்து வந்து, அங்கிருந்து கரையேறினால் ஊர். அவர்களுக்கு வேறு அடையாளம் கிடையாது.

ஓர் ஆண்டு கோடை தீயாக இருந்தது. வெயிலுக்குப் பயந்து யாரும் வாசலுக்கே வராததால் சேவுகனார் ஒரு நாள், கட்டிய மூட்டை கட்டியபடி இருக்க ஊர் திரும்பினார். சைக்கிள் கடை முன்னால் ஆண்களெல்லாம் கம்பும் அரிவாளுமாகக் கூடி நின்றார்கள். ஒரு முகத்திலும் ரத்தமில்லை.

"என்னப்பா?" என்று இறங்காமலே கேட்டார்.

"வெறிநாய்ண்ணே" என்றான் வீரணன். அன்று அவன் குரலில் கேலி இல்லை. "ஆட்டுக்காரக் கீதாரி கெடையில பூந்து கண்ணுல பட்டதையெல்லாம் கடிச்சிருச்சு. தடுக்கப் போன மனுசனையும் கடிச்சிருச்சு. அவர டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. நாய் கண்மாய்ப் பக்கம் போனதா ஆடு மேய்க்கிறவுக சொல்றாக. குரைக்கவே இல்லையாம்ண்ணே. சத்தமில்லாம வந்துச்சாம்."

சத்தமில்லாம வந்துச்சாம். தம்பியைக் கடித்த நாயும் அப்படித்தான் வந்தது. அவர் மேற்கே பார்த்தார். சூரியன் கண்மாய்க்கரை மேல் உட்கார்ந்திருந்தது.

"கரிமூட்டத்துக்குப் போனவளுக வந்துட்டாளுகளா?"

 ஒருவர், "இன்னும் வரல. பந்தம் கட்டிக்கிட்டு இருக்கோம் சேவுகா. எல்லாருமாச் சேந்து போவம்" என்றார்.

"அதுக்குள்ள இருட்டிருமே. வெளக்கு இல்லாட்டி அவளுக கெணத்துப் பக்கம் போயிருவாளுகளே" என்றார் சேவுகனார். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒருவரும் தனியாக ஓர் அடி முன்னே வைக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. வெறிநாய்க்கடிக்குத் தப்பியவரை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

சேவுகனாருக்குத் தம்பியின் அலறல் காதில் கேட்டது. மறைப்பானேன், எல்லோரும் பார்த்திருக்க அவர் வேட்டி நனைந்தது. அதைக் கண்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் குனியவில்லை. குனிந்தால் விழுந்துவிடுவார். சைக்கிளை மேற்கே திருப்பி, வலக்காலை மிதிமேல் வைத்தார்.

"அண்ணே, போகாதீக!" என்று வீரணன் கத்தினான். "மூட்டையையாச்சும் எறக்கி வச்சிட்டுப் போங்கண்ணே!"

அது அவர் காதில் விழவில்லை.

வீடுகள் முடிந்து, களம் தாண்டி, கண்மாய்க்குப் போகும் மண்பாதை தொடங்கியது. "வயிரவா" என்று வலக்கால் சொன்னது. "சரணம்" என்று இடக்கால் சொல்லவேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கால் மட்டும் மிதித்தது. இருபுறமும் கருவேலமுள் நீண்டு வந்து சட்டையைப் பிராண்டியது. ஒரு கிளை பின்னால் மூட்டையைப் பிடித்து இழுத்து, சர்ரென்று எதையோ கிழித்துவிட்டுப் போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டை கிழிந்ததும், மாவு கோடுபோலக் கொட்டிக்கொண்டே வந்ததும் அவருக்குத் தெரியாது.

கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் கேட்டது.

தப்பு தப்பென்று மண்ணில் நாலு கால் விழும் சத்தம். கூடவே மூச்சு. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், காலுக்கு எட்டும் தூரத்தில், நாக்கைத் தொங்கப்போட்டு ஓடிவருகிற மூச்சு. குரைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். குரைக்கிற நாயை ஆயுசெல்லாம் கேட்டிருக்கிறார். இது குரைக்கவில்லை.

சேவுகனாருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்து பாதை கலங்கித் தெரிந்தது. வேகமாக மிதித்தார், மூச்சும் வேகமாக வந்தது. மெதுவானார்; அதுவும் மெதுவாயிற்று. இதோ கவ்வப்போகிறது, இதோ என்று கெண்டைக்கால் சதை தானாகச் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. திரும்பிப் பார்த்தால் செத்தே போவோம் என்று அவருக்குத் தோன்றியது. முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

கண்மாய்க்கரை ஏற்றம் வந்தது. உட்கார்ந்து மிதிக்க முடியாத ஏற்றம். எழுந்து நின்று உடம்பின் பாரத்தையெல்லாம் மிதியில் இறக்கினார். சைக்கிள் நடையைவிட மெதுவாக ஏறியது. செயின் கடகடவென்றது. கழன்றுவிடாதே, தாயே, கழன்றுவிடாதே என்று செயினைக் கெஞ்சினார். அந்த ஏற்றத்தில் ஒரு நாய்க்குட்டி நினைத்திருந்தாலும் அவரைக் கடித்திருக்கலாம். பின்னால் வந்த மூச்சு அவரோடு சேர்ந்து மெதுவாகவே ஏறியது. ஏன் கடிக்கவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. பயத்துக்கு யோசனை ஏது?

ஒருவழியாகக் கரை மேல் ஏறினார். எதிரே இறக்கம். இறக்கத்தின் அடியில், இருபக்கமும் முள் அடைத்த குறுகிய தடத்தின் நட்டநடுவில், மங்கிய வெளிச்சத்தில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. தலை தொங்கியிருந்தது. உடம்பு ஆடியது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது. சைக்கிள் சத்தம் கேட்டு அது மெதுவாகத் தலையைத் தூக்கியது.

அப்படியானால் பின்னால் வருவது?

சேவுகனாருக்கு உலகம் சுற்றியது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. திரும்ப இடமில்லை. பிரேக்கைப் பிடித்தார், தேய்ந்துபோன கட்டை எதையும் பிடிக்கவில்லை. சைக்கிள் இறக்கத்தில் நழுவத் தொடங்கிவிட்டது. கரிமூட்டத்திலிருந்து தலையில் சும்மாட்டுத் துணியோடு வந்துகொண்டிருக்கும் ராக்காயி அவர் நினைவில் வந்தார். விளக்கு எங்கே, விளக்கு எங்கே என்று இருட்டில் பார்த்துக்கொண்டு வருவாரே! இரண்டு காலையும் தூக்கிக் கைப்பிடியின் மேல் போட்டார். கண்ணை இறுக மூடினார்.

"எறக்கம் வந்திருச்சு ஐயா. இனி நீங்கதான் கொண்டுபோகணும்" என்றார்.

காற்று காதில் சீறியது. சைக்கிள் பறந்தது. எதிரிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. அதே கணம், அவர் முழங்காலை மயிர் உரசிக்கொண்டு ஏதோ ஒன்று பின்னாலிருந்து முன்னே பாய்ந்தது. தொம்மென்று ஒரு சத்தம். ஒரே ஒரு ஊளை. சக்கரம் எதன் மேலும் ஏறவில்லை, எதிலும் முட்டவில்லை. கண் திறந்தபோது குறுகிய தடம் பின்னே போயிருந்தது. கோயில் மண்டபம் எதிரே கறுப்பாகத் தெரிந்தது.

அப்பாடா என்று மூச்சுவிட நேரமில்லை. தப்பு தப்பென்று அந்தக் காலடி மறுபடியும் பின்னால் வந்தது.

சைக்கிளை வாசலில் கீழே தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தார். எத்தனை பயத்திலும் கை பழக்கத்தை விடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டை எடுத்துக் கல்நாயைப் போர்த்தப் போனார். கை துழாவியது. கல்நாய் தட்டுப்படவில்லை. வெறும் பீடம்தான் விரலில் பட்டது. இருட்டில் தடுமாறி வேறெங்கோ கை வைத்துவிட்டோம் என்று நினைத்தார். துண்டு கையிலிருந்து நழுவி அங்கேயே விழுந்தது. அதை எடுக்கவும் தோன்றாமல் விளக்கிடம் தவழ்ந்து போய்ப் புட்டியைத் திறந்து எண்ணெயை ஊற்றினார். தீக்குச்சிகள் நடுங்கும் விரலில் ஒடிந்து ஒடிந்து விழுந்தன.

மூச்சு வாசலுக்கு வந்தது. உள்ளே வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், பிடரியில் வெப்பம் படும் அளவுக்கு நெருங்கி வந்து நின்றது.

சேவுகனார் திரும்பவில்லை. அழுதுகொண்டே பேசினார். "கடிக்கிறதா இருந்தாக் கடிச்சுக்கப்பா. நான் எங்கயும் ஓட மாட்டேன். இந்த வெளக்க ஏத்துற மட்டும் பொறு. பொம்பளைக வழி தெரியாம நிப்பாளுக. ஏத்திக்கிறேன், அப்புறம் கடிச்சுக்க."

அது பொறுத்தது. குச்சி பற்றியது. திரி பிடித்தது. மண்டபத்துக்குள் மஞ்சள் வெளிச்சம் மெல்லப் பரவி, கதவில்லாத வாசல் வழியே காட்டுக்குள் போயிற்று. சேவுகனார் காற்று அணைத்துவிடாதபடி இரண்டு உள்ளங்கையையும் விளக்குக்கு மறைப்பாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கடிக்காகக் காத்திருந்தார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ தெரியாது. "மாமா?" என்று ஒரு குரல் கேட்டது.

"உள்ள வராத ராக்கு! ஓடு! நாய் நிக்கிது!" என்று அலறினார்.

"எங்க நாயி? கல்நாயிதான் நிக்கிது" என்று சொல்லியபடி ராக்காயி உள்ளே வந்தார். பின்னால் மற்றப் பெண்களும் கரி படிந்த முகத்தோடு வந்தார்கள். "இன்னைக்கு வெளக்குத் தெரியவே இல்ல மாமா. நாங்க தடத்த விட்டுட்டோம். முன்னால போனவ காலுக்குக் கீழ கல்லு சரிஞ்சு விழுந்துச்சு. விழுந்த சத்தம் கெணத்துக்குள்ள கேட்டுச்சு. ஓரடி எடுத்து வச்சிருந்தா அம்புட்டுத்தான். அசையாம நின்னுட்டோம். அப்பத்தான் வெளக்கு எரிஞ்சுச்சு" என்றார். சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் அப்படியே கணவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பந்தங்களோடு ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். வீரணன்தான் முதலில் உள்ளே வந்தான். 

"அண்ணே" என்றான். "உங்க மூட்டை கிழிஞ்சு வழியெல்லாம் மாவு கொட்டிக் கெடக்கு. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தோம். களத்தத் தாண்டுனதுலருந்து கோடு கிழிச்ச மாதிரி வெள்ளத்தடம். அந்தத் தடத்து மேல..." அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "அந்தத் தடத்து மேலயே, உங்க பின்சக்கரத்த ஒட்டி, நாய்க்கால் பதிஞ்சிருக்குண்ணே. ஒரு எடத்துலயும் பிசகல. கரை எறக்கத்துல மாவெல்லாம் கலைஞ்சு கெடக்கு. பக்கத்துல வெறிநாய் செத்துக் கெடக்கு. ஒடம்புல ஒரு பல்லுப்பட்ட காயமில்ல. அதத் தாண்டியும் அந்தக் கால்தடம் உங்களோடதான் வந்திருக்கு. இங்க வாசப்படி வரைக்கும் வந்திருக்கு."

"பெறகு?" என்று ராக்காயி கேட்டார்.

"வெளிய போன தடம் இல்லத்தா."

வீரணன் பந்தத்தை உயர்த்தினான். எல்லோருடைய கண்ணும் வயிரவருக்கு வலப்பக்கம் போயிற்று. கல்நாய் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றது. அதன் நாலு கால்களிலும் முழங்கால் உயரத்துக்குக் கோலமாவு அப்பியிருந்தது.

சேவுகனாரின் துண்டு எங்கே என்று பார்த்தார்கள். நாயின் மேல் இல்லை, தரையிலும் இல்லை. கல்லுக்கும் பீடத்துக்கும் நடுவே அகப்பட்டு, ஒரு முனை மட்டும் வெளியே தொங்கியது. வீரணன் அந்த முனையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். துணி கிழிய ஆரம்பித்ததே தவிரக் கல் இம்மியும் அசையவில்லை. நாலு பேர் கடப்பாரை போட்டாலும் அசையாத அந்தக் கல்லைத் தூக்கி, அடியில் துண்டை விரித்துவிட்டு, மறுபடி அதன்மேல் நிறுத்தி வைத்தது யார்? தன் இடத்தை விட்டு இறங்கிப் போனது திரும்பி வந்து ஏறியபோது, அங்கே துண்டு விழுந்து கிடந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதைப் புரிந்துகொண்ட கணத்தில் வீரணன் பந்தத்தைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தான். அவன் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்தது வயிரவர் முன்னாலா, சேவுகனார் முன்னாலா என்று பிறகு கேட்டவர்களுக்கு அவன் பதில் சொன்னதில்லை.

சேவுகனார் அதையெல்லாம் பார்க்கவில்லை. இன்னும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். "நாய் போயிருச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

ராக்காயி அவர் கையைப் பற்றி எழுப்பி, நடத்திக்கொண்டு போய், அந்த விரல்களைக் கல்நாயின் முன்னங்கால் மேல் வைத்தார். மாவு விரலில் ஒட்டியது. தம்மிடமிருந்த மாவு அல்லவா, அவருக்குத் தெரியாதா? சேவுகனார் முதல்முறையாகத் திரும்பி அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். தொங்கிய நாக்கும் நிமிர்ந்த காதும் அன்று பார்த்த அதே நாய்தான். அவருக்குப் பயம் வந்தது. பயத்தோடு கூடவே அழுகையும் வந்தது.

"நீதானா என் பின்னால ஓடி வந்த?" என்று கேட்டார். "இத்தன நாளும் நான் உன் முகத்த மூடிக்கிட்டே இருந்தேனே அப்பா. ஒரு நாளாச்சும் கோவிச்சியா?" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று சிரித்தவர் ஒருவருமில்லை.

அதன்பின் சேவுகனாருக்கு நாய்ப்பயம் போயிற்றா என்றால், போகவில்லை. தெருவில் நாய் குரைத்தால் பழையபடி காலைத் தூக்கிக் கைப்பிடியில் போட்டுக்கொண்டுதான் போனார். துணிச்சல்காரர் ஒருவரையும் வயிரவர் தேடவில்லை. அஞ்சிக்கொண்டே வந்தவரோடுதான் ஓடி வந்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் கல்நாய்க்குத் துண்டு போர்த்துவதை விட்டார். கல்லுக்கடியில் சிக்கிய அந்தத் துண்டையும் எடுக்க முயலவில்லை. "கெடந்துட்டுப் போகட்டும், வெறுங்கல்லுல நின்னா அதுக்குக் காலு நோகும்" என்றார். மூட்டையில் ஒரு சின்ன ஓட்டையையும் தைக்காமல் விட்டுவைத்தார். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டார். ஒவ்வொரு மாலையும் கண்மாய்க்கரையில் ஒரு வெள்ளைக்கோடு நீளும்; மறுநாள் காலை கரிமூட்டத்துக்குப் போகிற பெண்கள் அந்தக் கோட்டைக் குனிந்து தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு போவார்கள்.

ஈச்சவயல் பக்கத்தில் இன்றைக்கும் இறக்கத்தில் சைக்கிள் விடுகிறவர்கள் மிதிப்பதை நிறுத்தும்போது ஒரு வார்த்தை சொல்வார்கள்: "ஐயா, கொண்டுபோங்க." நடுங்கும் காலால் மிதித்து நம் இருட்டுக்கு ஒரு விளக்கை ஏற்றிவைத்த சேவுகனாரின் அந்தச் சக்கரத்தடத்தை நாமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.